நாபோத்தின் தோட்டத்திற்கு மாற்று உண்டா?

சிம்மக்கல்லில் பழத்திற்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து யானைக்கல்லை நோக்கி நடப்பவர் ஆண்டின் எந்த மாதத்திலும் ஆப்பிளையும் ஆரஞ்சையும் திராட்சையையும் வாழைத்தார்களையும் காணலாம். இமயச் சரிவில் காய்த்தவை, மராட்டிய மண்ணில் விளைந்தவை, கப்பலேறிக் கடல் கடந்து வந்தவை எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த நிறைவைக் காணும் மக்களிடம், பழமரங்களுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று சொன்னால் நம்புவார்களா? கடை நிறைந்திருக்கும்வரை தோட்டம் காலியாவது எவர் கண்ணிலும் படுவதில்லை. ஓரிடத்தில் குறைந்ததை வேறோரிடத்திலிருந்து வரவழைத்து நிரப்புவதே சந்தையின் திறமை. அந்தத் திறமையே இன்று நம் கண்களைக் கட்டியிருக்கிறது.

பருவநிலை மாறுவதால் பழப்பயிர்கள் விளையும் இடங்களும் மாறும் என்பதை அறிவியலார் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். இதைக் கேட்கும் படித்தவர்களிடமிருந்து வரும் விடை ஒன்று உண்டு: "மாறட்டுமே! இங்கே விளையாதது அங்கே விளையும். ஒரு பயிர் போனால் இன்னொரு பயிர் வரும்." கேட்பதற்கு இனிமையான விடை. ஆனால் அது நீதியற்ற விடை என்பதே நம் வாதம். பயிர் எங்கே போகும் என்று கணக்கிடுகிறவர்கள், பயிரிட்டவன் எங்கே போவான் என்று கேட்பதில்லை. கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய நாமாவது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

முதலில் உண்மைகளைப் பார்ப்போம். ஐ.நா. அவையின் பருவநிலை அறிவியல் குழு தரும் கணக்குப்படி, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் புவியின் சராசரி வெப்பம், 1850க்கும் 1900க்கும் இடைப்பட்ட காலத்தைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. 2024ஆம் ஆண்டில் அந்த உயர்வு ஏறத்தாழ 1.55 டிகிரி என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் வானில் சேர்த்த கரியமில வாயுவே இதற்கு முதன்மைக் காரணம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் மதுரைக்கு ஒன்றரை டிகிரி ஒரு பொருட்டா என்று சிலர் நகைக்கலாம். மனிதன் நிழலுக்கு ஒதுங்குவான், விசிறியைச் சுழலவிடுவான். மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கு இரவின் குளிர்ச்சியே நாட்காட்டி.

மாமரத்தை எடுத்துக்கொள்வோம். நத்தம் வட்டாரத்திலும் அழகர்மலை அடிவாரத்திலும் மாந்தோப்புகள் நம் சமவெளியின் பெருமை. மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த, உலர்ந்த இரவுகளே மாமரத்திற்குப் பூக்கும் காலத்தை உணர்த்துகின்றன. இரவு போதிய அளவு குளிராவிட்டால், பூக்க வேண்டிய மொட்டு இலையாகத் தளிர்த்துவிடும். பூத்தபின் மழை பெய்தால் பூ கருகும். பூச்சியும் பூசணமும் பெருகும். எனவேதான் மரத்தின் வேரில் வேதிமருந்து ஊற்றிப் பூவை வரவழைக்கும் பழக்கம் இன்று தோப்புகளில் பரவியிருக்கிறது. இயற்கை தானாகத் தந்த அறிவிப்பை மனிதன் காசு கொடுத்துப் போலியாக விடுக்க வேண்டிய நிலை! அந்தக் காசு பெருந்தோப்புக்காரரிடம் இருக்கலாம். இருபது மரங்களை நம்பி மகளின் திருமணத்திற்கு நாள் குறித்தவனிடம் இருக்குமா?

இனிக் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். கத்தோலிக்கராகிய நமக்கு அந்த மண்ணோடு தனியொரு உறவு உண்டு. அங்கே விளையும் பன்னீர்த் திராட்சையை 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவரே தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பது பதிவு. 2023இல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலிய ஊர்களில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களின்கீழ் அந்தக் கொடிகள் தழைத்திருக்கின்றன. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் பெரியாற்று நீர் அந்தப் பள்ளத்தாக்கை நனைத்துவிட்டு, வைகை வழியாக மேலூர் வரையிலான நம் வயல்களையும் நனைக்கிறது. ஒரே தண்ணீரைக் குடிக்கும் உறவினர் நாம்.

வடக்கே மராட்டியத்தில் திராட்சைக்கு ஒரு பருவமே உண்டு. கம்பத்திலோ முறைவைத்துக் கவாத்து செய்து ஆண்டு முழுவதும் பழம் பறிக்கிறார்கள். மிதமான வெப்பமும், நேரத்தில் பெய்து நேரத்தில் விலகும் மழையும் அந்தப் பள்ளத்தாக்கிற்கு இறைவன் தந்த சீதனம். அறுவடைக்கு நிற்கும் குலையின்மேல் தொடர்மழை விழுந்தால் பழம் வெடிக்கும், அழுகும். வானம் மூடியே கிடந்தால் அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்னும். மழை பெய்யும் முறையே குலையும்போது ஆண்டு முழுவதும் காய்க்கும் சிறப்பே ஆண்டு முழுவதும் அஞ்ச வேண்டிய வினையாகிவிடுகிறது. எந்த மாதத்து மழை தவறி வந்தாலும், அது யாரோ ஒருவருடைய அறுவடையின்மேல் பெய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாக் குற்றத்தையும் வானத்தின்மேல் சுமத்துவது உண்மையாகாது; ஒரு நாள் பெய்த மழையைக் காட்டிப் பருவநிலை மாறிவிட்டது என்று முழங்குவதும் முறையாகாது. பழனி மலைச்சரிவில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பகுதிகளில் பெரும்பரப்பில் விளைந்த விருப்பாட்சி மலைவாழை அருகிப்போனதற்கு முதற்காரணம் வெப்பமன்று. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய். 2008ஆம் ஆண்டிலேயே அந்த வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காத்தது. வாழையைப் பழைய பரப்பிற்கு மீட்டுத் தரவில்லை. இந்த வரலாறு நம் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. நோயால் ஒரு பயிர் விழுந்தபோதே அந்த மலைமக்களை நாம் தாங்கிப் பிடிக்கவில்லை. நோயும் வெயிலும் மழையும் சேர்ந்து தாக்கும்போது என்ன செய்யப்போகிறோம்?

"ஒரு பயிர் போனால் இன்னொரு பயிர் வரும்" என்பவர்கள் நெல்லையும் பருத்தியையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அவை ஒரு போகத்துப் பயிர்கள். இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு மாற்றி விதைக்கலாம். பழமரம் அப்படியன்று. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம்மவர் மொழி. மரம் நடுகிறவன், தன் பேரன் காலத்திலும் வானம் இப்படியே இருக்கும் என்று நம்பி நடுகிறான். அந்த நம்பிக்கையின்மேல் கல்தூண் நடப்படுகிறது. அதன்மேல் கடன் வாங்கப்படுகிறது. வானம் மாறிவிட்டால் கொடியைப் பிடுங்கலாம். தூணை என்ன செய்வது? கடனை எந்த மலைக்கு ஏற்றுவது?

இந்த இடத்தில் விவிலியம் நமக்கு ஒரு கதையை வைத்திருக்கிறது. அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தில், ஆகாபு மன்னன் தன் அரண்மனையை ஒட்டியிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான். அவன் முதலில் வாளை உருவவில்லை. அதைவிடச் சிறந்த தோட்டத்தை வேறிடத்தில் தருவதாகவும், விரும்பினால் பணமாகவே கொடுத்துவிடுவதாகவும் சொல்கிறான். இன்றைய வழக்கில் சொன்னால் நல்ல இழப்பீடு. நாபோத்து மறுக்கிறான். அவனுக்கு அது விலைப்பொருளன்று. மூதாதையர் விட்டுச்சென்ற உரிமை, ஆண்டவர் ஒப்படைத்த பங்கு. பிறகு நடந்ததை அறிவோம். பொய்ச்சாட்சி எழுந்தது, கல்லெறி விழுந்தது, தோட்டம் அரசனுக்காயிற்று. குருதி உலரும் முன் எலியா வந்து நின்றார்.

வேறிடத்தில் விளையும் என்று எளிதாகச் சொல்கிறவர்கள், தாம் அறியாமலே ஆகாபின் முதல் வாக்கியத்தைப் பேசுகிறார்கள். அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆகாபாவது மாற்றுத் தோட்டம் தருவதாகச் சொன்னான். இன்று காற்றையும் மழையையும் கெடுத்தவர்கள் கம்பத்துக் குத்தகைதாரனுக்கு எந்தத் தோட்டத்தையும் தருவதாகச் சொல்லவில்லை. 'மாற்றம் தவிர்க்க முடியாதது' என்று அறிவுரை மட்டும் தருகிறார்கள்.

இடம் மாற யாரால் முடிகிறது என்று பாருங்கள். பிரான்சு நாட்டின் ஷாம்பெய்ன் பகுதியைச் சேர்ந்த டெத்தாஞ்சே என்னும் பெரிய மது நிறுவனம் 2015இல் கடல் கடந்து இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கி, பின்னர் அதில் திராட்சை நட்டது. குளிர் நாடான இங்கிலாந்தின் தென்பகுதி இன்று திராட்சைக்கு ஏற்ற மண்ணாக மாறி வருகிறது. போர்தோ பகுதியினருக்கு, வெப்பத்தைத் தாங்கும் 6 புதிய திராட்சை வகைகளை நட 2021இல் அனுமதி கிடைத்தது. இத்தாலியின் சிசிலித் தீவில் மாம்பழமும் வெண்ணெய்ப் பழமும் விளைகின்றன. முதலும் ஆய்வும் அரசின் துணையும் உள்ளவர்களுக்கு வெப்பம் ஓர் இடமாற்றம். அவை இல்லாதவர்களுக்கு அதுவே வெளியேற்றம்.

நம் நாட்டு இமாச்சலத்தைப் பாருங்கள். 1916இல் கோட்கட் என்னும் மலையூரில் அமெரிக்க ஆப்பிளை நட்டவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். நற்செய்திப் பணிக்காக வந்து, அசிசியாரின் வழியில் எளிமை வாழ்வை நாடி, பின்னர் இந்திய விடுதலைப் போரில் சிறை சென்றவர். அந்த ஆப்பிள் இனம் பருவத்தில் முறையாகப் பூப்பதற்கு, குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிர் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரமாவது வேண்டும். குளிர்காலம் இளகியதால் குலு பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் ஆப்பிள் பின்வாங்கியது. மாதுளையும் காய்கறியும் அங்கே புகுந்தன. ஆப்பிளோ கின்னௌர், லாகௌல், ஸ்பிதி என்று மேலே ஏறிச் சென்றது. மேலே இருப்பவருக்கு அது நற்செய்தி என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆப்பிளோடு சேர்ந்து கீழ்ப்பள்ளத்தாக்கின் உழவன் மேலே ஏறவில்லை. மேலே உள்ள நிலம் அவனுடையதன்று.

சிலர் வரலாற்றைக் காட்டி நம்மை மடக்கப் பார்ப்பர். "பயிர்கள் எக்காலத்தில்தான் இடம் மாறவில்லை? கொய்யாவும் பப்பாளியும் அன்னாசியும் முந்திரியும் போர்த்துக்கீசியர் வழி வந்தவையல்லவா? நீங்கள் போற்றும் பன்னீர்த் திராட்சையே வெளிநாட்டுக் குரு கொண்டுவந்ததுதானே?" உண்மை. பயிர் இடம்பெயரவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1832இல் வந்த கொடி ஒரு கையால் அக்கறையோடு கொண்டுவரப்பட்டது. அது வந்ததனால் பிறந்த இடத்தில் திராட்சை அழிந்துவிடவில்லை. உலகிற்கு ஒரு தோட்டம் கூடிற்று. இன்று நடப்பது அதுவன்று. இருக்கும் தோட்டத்திலிருந்து கொடி விரட்டப்படுகிறது. பிழைப்புத் தேடி விரும்பிக் கடல் கடந்தவனும், வீடு எரியக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவனும் ஒன்றா? மதுரையைச் சுற்றிய முகாம்களில் ஈழத்து மக்களின் முகங்களைக் கண்ட நமக்கு இந்த வேறுபாட்டை ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

மேலும், மலைக்கு உச்சி உண்டு என்பதை மறக்கலாகாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். எனவே 1.1 டிகிரி வெப்ப உயர்வுக்கு ஈடுகட்ட ஒரு பயிர் ஏறத்தாழ 170 மீட்டர் மேலே செல்ல வேண்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலின் பேரியும் பிளம்சும் இன்னும் மேலே ஏற எங்கே இடம் இருக்கிறது? அதற்குமேல் மிஞ்சியிருப்பவை சோலைக்காடுகளும் புல்வெளிகளும். 2013இல் அப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காடுகளே மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, வராக நதியாகவும் மஞ்சளாறாகவும் சிறிது சிறிதாக வைகைக்கு அனுப்புகின்றன. பயிரை மேலேற்றுகிறோம் என்று சோலையை அழித்தால் கீழே ஆறு வறளும். மலையில் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றச் சமவெளியில் நூறு தோட்டங்களைக் கொல்வது எந்த ஊர் அறிவு?

இனி நம் சொந்த வீட்டிற்குள் வருவோம். இதையெல்லாம் கேட்டபின், "எல்லாம் கடவுள் சித்தம்" என்று பெருமூச்சு விடுவோர் நம் பங்குகளில் உண்டு. "இவை இறுதிக்கால அடையாளங்கள், செபிப்பதைத் தவிர நாம் என்ன செய்ய முடியும்?" என்போரும் உண்டு. செபத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் மனிதர் செய்த கேட்டைக் கடவுளின் கணக்கில் எழுதுவது பக்தியாகாது. அது கடவுள்மேல் சாட்டப்படும் பொய்க்குற்றம். நாபோத்தைக் கொன்றதும் ஒரு பொய்ச்சாட்சியே என்பதை நினைவில் கொள்வோம். போர்க்காலத்தில் ஒரு நகரை முற்றுகையிடும்போதுகூட, அதன் கனிமரங்களை வெட்டலாகாது என்று இணைச்சட்ட நூலின் 20ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பகைவனின் மரத்தையே காக்கச் சொன்ன கடவுள், ஏழையின் மரம் கருகுவதைத் திருவுளமாக்கியிருப்பாரா?

"குருக்களுக்கு இதில் என்ன வேலை? ஞானக் காரியங்களைப் பேசட்டும்" என்பது மற்றொரு குரல். இது புதிதாக நுழைந்த போதனையன்று. 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியிலேயே, படைப்பனைத்தோடும் அமைதி கொள்ளாமல் மனிதரிடையே அமைதி இல்லை என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உணர்த்தினார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ், 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் ஏழைகளின் துயரையும் மண்ணின் துயரையும் ஒன்றாகவே கேட்கச் சொன்னார். 2023 அக்டோபர் 4 அன்று வெளியிட்ட ஊக்கவுரையில், பருவநிலை மாற்றத்தை ஏளனம் செய்யும் குரல்கள் திருச்சபைக்குள்ளேயே இருப்பதை வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். அந்தக் குரல் உரோமையில் மட்டுமா ஒலிக்கிறது? நம் பங்குப் பேரவைகளிலும் ஒலிக்கிறது.

அதைவிட நெருங்கிய காரணமும் உண்டு. நம் வழிபாட்டின் உச்சமாகிய திருப்பலி, கோதுமையும் திராட்சையும் இன்றி நிறைவேறாது. திராட்சைக்கனியிலிருந்து பெறப்பட்ட இயற்கையான இரசமே திருப்பலிக்கு உரியது என்று திருச்சபைச் சட்டம் விதிக்கிறது. நிலத்தின் விளைவாகவும் மனித உழைப்பின் பயனாகவும் அந்தக் காணிக்கையைப் பீடத்தில் உயர்த்துகிறோம். உயர்த்திவிட்டு, அந்த நிலத்திற்கு என்ன நேர்ந்தது, அந்த உழைப்பாளி என்ன ஆனான் என்று கேட்காமல் வீடு திரும்பினால், நம் காணிக்கையில் எதுவோ குறைகிறது.

என்ன செய்யலாம்? நம் எல்லைக்குள் அடங்கியவற்றையே சொல்கிறோம். முதலாவது, குத்தகைதாரர்களின் பக்கம் நிற்பது. பயிர் அழிந்து நிவாரணமோ காப்பீடோ வரும்போது, அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம் போகிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுதவன் வெறுங்கையோடு நிற்கிறான். நிலமுள்ள கத்தோலிக்கர் தம் குத்தகைதாரருக்கு எழுத்துமூலம் உரிமை தரட்டும். திருச்சபையின் நிலங்கள் அதற்கு முன்மாதிரியாகட்டும். இரண்டாவது, பள்ளி, கல்லூரி, துறவற இல்லங்களின் வளாகங்களில் இந்த மண்ணுக்குரிய நாவலும் விளாவும் நெல்லியும், அருகிவரும் நாட்டு மாவகைகளும் நடப்படட்டும். வெப்பத்தைத் தாங்கும் வகைகளை நாளை தேடுவோருக்கு அவை விதைப்பெட்டியாக இருக்கும். மூன்றாவது, அரசின் வேளாண் ஆய்வு நிலையங்கள் கண்டறிவது சிறு விவசாயியின் தோட்டத்தை எட்டும்படி பங்குகள் பாலமாகட்டும். ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம் போதும். நான்காவது, திருவிழாக்களில் இரவெல்லாம் புகை கக்கும் மின்னாக்கிகளையும் கண்கூசும் விளக்கு அலங்காரங்களையும் குறைப்பது. சிறிய செயல்தான், ஆனால் பெரியவர்களின் குற்றத்தைச் சுட்டும் விரலில் நம் பங்கின் கறை இருக்கலாகாது.

இவற்றால் உலகின் வெப்பம் தணிந்துவிடாது என்பதை அறிவோம். மிகுதியாக எரித்த நாடுகளும் நிறுவனங்களும் தம் கடனை அடைத்தாக வேண்டும். அதை வற்புறுத்தும் எலியாக்கள் எழ வேண்டும். எனினும், அவர்கள் திருந்தும்வரை நாம் கைகட்டி நிற்பதற்கு நற்செய்தி இடம் தரவில்லை.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி வருகிறான். மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்லுகிறார் உரிமையாளர். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வதே சரி. காய்க்காத மரம் வீணாக நிலத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வேறு மரம் நட்டுவிடலாம். ஆனால் அந்தத் தொழிலாளி இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறான். சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகப் பொறுப்பேற்கிறான். மரத்திற்காகப் பரிந்து பேசிய வாயும் அவனுடையது, மண்ணைக் கொத்தவிருக்கும் கையும் அவனுடையது. கம்பத்துக் கொடிக்கும் நத்தத்து மாவுக்கும் பழனி மலையின் வாழைக்கும், அவற்றின் நிழலில் வாழும் எளியோருக்கும் இன்று தேவைப்படுபவர் அப்படிப்பட்டவரே. தவணை கேட்போம், கேட்ட கையோடு மண்வெட்டியையும் எடுப்போம்.